இடம் பிரியலாம், குழு பிரியலாமா?

இங்கிலாந்தின் பொது மருத்துவ சேவையான என்.எச்.எஸ். எல்லாச் சிகிச்சையையும் தன் மருத்துவமனைகளிலேயே தருகிறது என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் 1991 முதல் அதற்குள் இரண்டு தரப்புகள் உண்டு. வரிப்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வட்டாரத்து மக்களுக்காகச் சிகிச்சையை வாங்குவோர் ஒரு தரப்பு. அதைச் செய்து கொடுப்போர் மறு தரப்பு. வாங்கும் அமைப்பின் பெயர் ஆட்சிக்கு ஆட்சி மாறியிருக்கிறது. 2022 ஜூலையில் அந்தப் பொறுப்பு 42 ஒருங்கிணைந்த பராமரிப்பு வாரியங்களிடம் வந்தது. செய்து கொடுப்பவர் அரசு மருத்துவமனையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. குடும்ப மருத்துவர்கள் சேர்ந்து நடத்தும் கம்பெனி, ஊழியர்களே உரிமையாளராக இருக்கும் சமூக நிறுவனம், கிளை பரப்பிய தனியார் கண் மருத்துவமனை என யாராகவும் இருக்கலாம். நோயாளி காசு தர வேண்டியதில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஓர் அறுவைக்கு இவ்வளவு என்று தனியார் மருத்துவமனைக்குப் பணம் போவதைப் பார்த்த தமிழ்நாட்டு வாசகருக்கு இந்த ஏற்பாடு புதிராக இராது.

இப்படி வாங்கப்படுபவற்றில் நாள் குறித்துச் செய்யும், அவசரமில்லாத சிகிச்சைகள் முக்கியமானவை: கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று, தோல் நோய், காது கேளாமை, முதுகு வலி. இவற்றைப் பெரிய மருத்துவமனையிலிருந்து எடுத்து உள்ளூர் மையத்திடம் கொடுப்பதற்கு மூன்று நியாயங்கள் சொல்லப்படுகின்றன. நோயாளிக்குச் சீக்கிரம் கிடைக்கும்; வீட்டுப் பக்கத்திலேயே கிடைக்கும்; செலவு குறையும். முதல் இரண்டும் பெரும்பாலும் மெய். மூன்றாவது பெரும்பாலும் பொய். அந்த மூன்றாவதை நம்பி எழுதப்படும் ஒப்பந்தங்களே முதல் இரண்டையும் கெடுக்கின்றன என்பது என் வாதம்.

இதைச் சோதித்துப் பார்த்த நல்ல ஆய்வு ஒன்று பிரிஸ்டல் நகரில் நடந்தது. முடிவுகள் 2005இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தன. அவசரமில்லாத தோல் நோயாளிகள் 556 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் வழக்கம்போல மருத்துவமனைக்குப் போனார்கள்; மறு பிரிவினர் தோல் மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி பெற்ற குடும்ப மருத்துவரிடம் போனார்கள். நோய் தீர்ந்த அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. உள்ளூர் மையத்தில் காத்திருப்பு சராசரியாக 40 நாள் குறைந்தது. நோயாளிகளுக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் என்.எச்.எஸ்ஸுக்கு ஆன செலவு மருத்துவமனையில் ஒருவருக்கு 118 பவுண்டு, உள்ளூர் மையத்தில் 208 பவுண்டு. பக்கத்தில் கிடைத்ததற்கு ஒரு விலை இருந்தது. அந்த விலை தகுமா என்று விவாதிக்கலாம். விலையே இல்லை என்று சொல்ல முடியாது.

ஒரே ஊரின் கணக்கை வைத்து முடிவு கட்டக் கூடாதுதான். ஆனால் நஃபீல்ட் டிரஸ்ட் 2017இல் சிகிச்சையை மருத்துவமனைக்கு வெளியே நகர்த்தும் 27 வகை முயற்சிகளை எடைபோட்டபோதும் சித்திரம் பெரிதாக மாறவில்லை: பலவற்றில் நோயாளியின் அனுபவம் மேம்பட்டது, பணம் மிச்சமானவை சில மட்டுமே. காரணம் எளிது. வாரத்துக்கு இரண்டு தோல் கிளினிக் வெளியே போனதற்காக மருத்துவமனை தன் கட்டடத்தையோ இரவுப் பணி மருத்துவரையோ குறைத்துவிட முடியாது. பக்கத்தில் ஒரு மையம் திறந்தால், முன்பு குடும்ப மருத்துவர் தாமே பார்த்து வீட்டுக்கு அனுப்பிய நோயாளிகளும் அங்கே அனுப்பப்படுகிறார்கள். பழைய செலவு அப்படியே நிற்க, புதிய செலவு மேலே ஏறுகிறது. 2003 முதல் டோனி பிளேர் அரசு திறந்த தனியார் அறுவை மையங்களின் முதல் சுற்றிலோ அரசு அறிந்தே கூடுதலாகக் கொடுத்தது: என்.எச்.எஸ். செலவைவிடச் சராசரியாக 11 விழுக்காடு அதிகம், அதோடு குறிப்பிட்ட எண்ணிக்கையில் நோயாளிகள் வராவிட்டாலும் பணம் உறுதி.

செலவைவிடக் கனமான கேள்வி, எடுத்தது போக மருத்துவமனையில் எஞ்சுவது என்ன என்பது. பிரிட்டனில் மிக அதிகமாகச் செய்யப்படும் அறுவையான கண்புரையை எடுத்துக்கொள்வோம். என்.எச்.எஸ். பணத்தில் இங்கிலாந்தில் நடந்த கண்புரை அறுவைகளில் 2016இல் 11 விழுக்காடு தனியாரிடம் இருந்தது. 2021 ஏப்ரலில் அது 46 விழுக்காடு. காத்திருப்பு குறைந்தது, பெரும்பாலோர் பிசகின்றிப் பார்வை பெற்றுத் திரும்பினார்கள். இதை நன்மை என்றே எழுத வேண்டும். ஆனால் ஓர் அறுவைக்கான கட்டணம் சராசரியில் வகுக்கப்படுகிறது. நடந்து வந்து அரைமணி நேரத்தில் முடித்துக்கொண்டு போகும் நோயாளியும், அசையாமல் படுக்க முடியாத முதுமறதிக்காரரும் கிட்டத்தட்ட ஒரே விலைப்பட்டியலில் வருகிறார்கள். தனியார் மையம் முன்னவரை எடுத்துக்கொள்கிறது. முழு மயக்கம் தேவைப்படும் பின்னவர் மருத்துவமனைக்கே திரும்புகிறார். கூட்டம் நிறையும் நகரத் தடங்களைத் தனியார் பேருந்துக்குக் கொடுத்துவிட்டு மலைக்கிராமத் தடத்தை மட்டும் அரசுப் பேருந்திடம் வைத்து, பிறகு அரசுப் பேருந்து நட்டத்தில் ஓடுகிறது என்று அறிக்கை விடுவதை ஒத்த கணக்கு இது.

பயிற்சியும் இந்தக் கணக்கில் அடங்கும். கண் அறுவை நிபுணராகத் தகுதி பெற, ராயல் கண் மருத்துவக் கல்லூரியின் பாடத்திட்டம் நீண்ட காலம் 350 கண்புரை அறுவைகளைக் கேட்டது. எளிய கண்களில் கை பழகியவர்தான் சிக்கலான கண்ணைத் தொடலாம். எளிய கண்களெல்லாம் வெளியே போய்விட்டால் அடுத்த தலைமுறை எங்கே கற்கும்? அதே கண் துறையில், குறித்த காலத்தில் மறுபரிசோதனை கிடைக்காததால் மாதத்துக்கு 22 பேர் வரை கடுமையாகவோ நிரந்தரமாகவோ பார்வை இழக்கிறார்கள் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலும் கண் அழுத்த நோயாளிகள். அவர்களுடைய தாமதத்துக்குக் கண்புரை ஒப்பந்தங்களே காரணம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் கண்புரை திருத்தக்கூடிய குறை. கண் அழுத்தத்தால் போன பார்வை திரும்பாது. பணமும் ஆளும் முதலாவதை நோக்கியே ஓடும்படி விலை வைத்திருப்பது, வாங்குபவரின் பிழைதான்.

நாட்டிங்ஹாமில் நடந்தது இன்னும் கடுமையான பாடம். அங்கிருந்த தோல் மருத்துவத் துறை நாடே அறிந்தது. அவசரமில்லாத தோல் சிகிச்சை, நகரத்தின் சிகிச்சை மையத்தை நடத்திய சர்க்கிள் என்ற தனியார் நிறுவனத்திடம் போனது. ஒப்பந்தம் 2013இல் புதுப்பிக்கப்பட்டபோது, மூத்த நிபுணர்கள் என்.எச்.எஸ். வேலையை விட்டு நிறுவனத்தின் ஊழியராக மாற வேண்டும் என்ற நிலை வந்தது. பணிப் பாதுகாப்பு, ஆராய்ச்சி, கற்பித்தல் ஆகியவை என்னாகும் என்று அஞ்சிப் பலர் மாற மறுத்து வெளியேறினார்கள். தோல் நிபுணர்களுக்கு நாடெங்கும் தட்டுப்பாடு; போனவர்களின் இடத்தை நிரப்ப ஆளில்லை. 2015 தொடக்கத்தில் பெரியவர்களுக்கான அவசரத் தோல் சிகிச்சையே அங்கு நின்றுபோய், நோயாளிகள் லெஸ்டருக்கு அனுப்பப்பட்டார்கள். அவ்வாண்டு வந்த தனி விசாரணை அறிக்கை இதைப் பேரழிவு என்றே குறித்தது. கவனிக்க வேண்டியது: வாங்கியது அவசரமில்லாத சிகிச்சை, அழிந்தது அவசர சிகிச்சை. காகிதத்தில் இரண்டு வரிகள். ஆனால் இரண்டையும் செய்தவர்கள் ஒரே மருத்துவர்கள்.

மேற்கு சசெக்ஸ் கடலோரப் பகுதியில் இதுபோன்ற விபத்து நடப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. எலும்பு, மூட்டு, தசை நோய்களுக்கான 5 ஆண்டு ஒப்பந்தம், 23.5 கோடி பவுண்டு மதிப்பில், தனியார் மருத்துவ நிறுவனமான பூப்பாவும், பக்கத்து மாவட்டத்தில் செவிலியரும் சிகிச்சையாளரும் தாமே நடத்திய சி.எஸ்.எச். சர்ரே நிறுவனமும் சேர்ந்த கூட்டுக்கு 2014இல் வழங்கப்பட்டது. திட்டமிட்ட மூட்டு அறுவைகளின் வருமானம் போனால், விபத்தில் எலும்பு முறிந்து வருபவர்களைப் பார்க்கும் உள்ளூர் மருத்துவமனை நிதியில் தள்ளாடும் என்று மதிப்பீடு காட்டியது. 2015 ஜனவரியில் கூட்டே விலகிக்கொண்டது. அந்த மதிப்பீட்டை ஒப்பந்தம் வழங்குவதற்கு முன்பே செய்திருக்க வேண்டாமா?

இதை வைத்துத் தனியார் கெட்டது, அரசு நல்லது என்று முடித்துவிடலாமா? கேம்பிரிட்ஜ்ஷயர் அதற்கு இடம் தரவில்லை. முதியோர் சேவைகளுக்கும் சமூக சேவைகளுக்கும் 5 ஆண்டுகளுக்கு 80 கோடி பவுண்டு அளவிலான ஒப்பந்தத்தை 2015 ஏப்ரலில் ஏற்ற யுனைட்டிங்கேர், அரசுத் தரப்பு அமைப்புகளான இரண்டு என்.எச்.எஸ். அறக்கட்டளைகளுக்குச் சொந்தமானது. எட்டே மாதத்தில் கவிழ்ந்தது. உண்மைச் செலவு ஒப்பந்தத் தொகையைத் தாண்டியது. மதிப்புக் கூட்டு வரியைத் திரும்பப் பெற முடியாத சட்ட வடிவத்தில் நிறுவனம் அமைந்திருந்தது என்பதுகூடச் சரியாகக் கணக்கில் வரவில்லை. அது நாள் குறித்துச் செய்யும் சிகிச்சையல்ல. ஆனாலும் உரிமையாளர் யார் என்பது முதல் கேள்வி அல்ல என்பதை அது நிறுவுகிறது.

முதல் கேள்வி, பொறுப்பு எத்தனை கைகளில் சிதறுகிறது என்பது. 2014 மே மாதம் டான்டன் நகரின் மஸ்கிரோவ் பார்க் மருத்துவமனை, தேங்கிய கண்புரை அறுவைகளைத் தீர்க்க வான்கார்ட் நிறுவனத்தை அழைத்தது. அறுவை மருத்துவர்களை இன்னொரு நிறுவனம் அனுப்பியது. கருவிகளை மற்றொன்று தந்தது. ஒரு நாளைக்கு 20 அறுவை, மருத்துவமனை வழக்கமாகச் செய்வதைவிட மிக அதிகம். சிக்கல்கள் பெருகவே நான்கே நாளில் ஒப்பந்தம் ரத்தானது. அறுவை செய்துகொண்ட 62 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பாதிப்பு. நான்கு அமைப்புகள் சேர்ந்த சங்கிலியில் எந்தக் கண்ணியில் தவறு என்று தேடுவது நோயாளியின் வேலையாகக் கூடாது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் கேட்க வேண்டும். 2023 செப்டம்பரில் இங்கிலாந்தின் காத்திருப்புப் பட்டியல் 77.7 லட்சத்தைத் தொட்டது. நூற்றுக்கு 92 பேருக்கு 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்ற இலக்கு 2016 பிப்ரவரிக்குப் பின் எட்டப்படவே இல்லை. மூட்டு தேய்ந்து மாடிப்படி ஏற முடியாதவரிடம், மருத்துவமனையின் பயிற்சித் திட்டம் கெடும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது கொடுமை. குளிர்காலத்தில் அவசர நோயாளிகள் படுக்கைகளை நிரப்பும்போதெல்லாம் ரத்தாவது இவருடைய அறுவைதான். ஆகவே தனி இடம் வேண்டும் என்பது முழுக்கச் சரி.

ஆனால் தனி இடம் என்பதற்குத் தனி அமைப்பு என்று பொருளாக வேண்டியதில்லை. தென்மேற்கு லண்டனுக்கான மூட்டு அறுவை மையம் எப்சமில் 2004 முதல் இயங்குகிறது. நான்கு என்.எச்.எஸ். அறக்கட்டளைகள் கூட்டாக நடத்தும் அங்கே, தத்தம் மருத்துவமனைகளில் பணியாற்றும் நிபுணர்களே வந்து அறுவை செய்கிறார்கள். அவசரக் கூட்டம் அங்கே நுழைவதில்லை. ஆனால் மருத்துவரின் கை மருத்துவமனையிலிருந்து அறுந்துபோகவும் இல்லை. எதிர்த்தரப்பு கேட்பது கிடைக்கிறது. நாட்டிங்ஹாமில் இழந்தது இழக்கப்படுவதில்லை.

2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய கொள்முதல் விதிகள் ஓரளவு இந்தத் திசையில்தான் நகர்ந்தன. எல்லாவற்றுக்கும் போட்டி டெண்டர் என்ற கட்டாயம் போனது. தரம், மதிப்பு, ஒருங்கிணைப்பு, சம வாய்ப்பு, சமூகப் பயன் என ஐந்து அளவுகோல்கள் வந்தன. ஆனால் நோயாளி தாமே தேர்வு செய்யும் சிகிச்சைகளில், தகுதியுள்ள எத்தனை நிறுவனம் வந்தாலும் வாரியம் எண்ணிக்கைக்கு வரம்பு கட்ட முடியாது. கண்புரை அந்த வழியில்தான் ஓடுகிறது. 2025 மார்ச்சில் அரசு இவ்வாரியங்களின் நிர்வாகச் செலவைப் பாதியாகக் குறைக்கச் சொன்னது. ஒப்பந்தங்கள் பெருகுகின்றன, அவற்றைப் படித்துப் பார்க்கும் ஆட்கள் குறைகிறார்கள். அளவுகோல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அளக்க ஆள் வேண்டும்.

என் முடிவு இது. உள்ளூரில் சிகிச்சை வாங்குவது சரி. மலிவுக்காக வாங்குவது தவறு. ஒப்பந்தத்தில் நான்கு நிபந்தனைகள் இருந்தால் மட்டுமே வாரியம் கையெழுத்திட வேண்டும். உள்ளூர் மையத்தில் வேலை செய்பவர் மருத்துவமனைக் குழுவிலும் உறுப்பினராகவோ அதன் மேற்பார்வையிலோ இருக்க வேண்டும். எளிய நோயாளிக்குக் குறைவாகவும் சிக்கலான நோயாளிக்கு அதிகமாகவும் விலை பிரிய வேண்டும். பயிற்சி மருத்துவருக்கு அங்கே இடம் உண்டென்று எண்ணிக்கையோடு எழுதியிருக்க வேண்டும். சிக்கல் வந்தால் யார் பார்ப்பது, யார் செலவு என்பது ஒரே பெயரில் நிற்க வேண்டும். இவற்றோடு, அவசர சிகிச்சைக்கு என்ன நேரும் என்ற மதிப்பீடு ஒப்பந்தத்துக்கு முன்னால் வர வேண்டும், பின்னால் அல்ல. இந்த நான்கையும் ஏற்கும் உள்ளூர் மையம் பிரிஸ்டலில் கண்டதுபோல மருத்துவமனையைவிட அதிகம் கேட்கலாம். கொடுக்கலாம். இவற்றை ஏற்காமல் குறைந்த விலை சொல்பவருடைய மிச்சத் தொகையை, வேறொரு கணக்கில், வேறொரு நோயாளியின் பெயரில் அதே வாரியம்தான் கட்டப்போகிறது.