துணை மாற்றமும் புவியியல் வரலாறும்: செட்ரேரியா அகுலியாட்டா லைக்கன் ஆய்வு குறித்த ஒரு மதிப்பீடு

பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் கூட்டுயிர் அமைப்பே லைக்கன். இவ்விருமையை 1860களின் இறுதியில் சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் சைமன் ஸ்வெண்டனர் எடுத்துரைத்தார். எனினும், பெயரிடல் விதிகளின்படி லைக்கனுக்கு வழங்கும் பெயர் இன்றும் அதன் பூஞ்சைக்கே உரியது. அதனால் லைக்கனின் பரவல் வரலாறும் பெரும்பாலும் பூஞ்சையின் வரலாறாகவே எழுதப்பட்டது. இக்குறையைக் களைய முற்பட்ட ஆய்வுகளுள், 2011இல் ஃபெர்னாண்டஸ்-மெண்டோசாவும் பிறரும் மாலிகுலர் இகாலஜி இதழில் வெளியிட்ட கட்டுரை குறிப்பிடத்தக்கது.

தென்துருவ, மிதவெப்ப, வடதுருவப் பகுதிகளில் வளரும் செட்ரேரியா அகுலியாட்டாவின் இனத்தொகைகளை அக்கட்டுரை ஆராய்கிறது. இரு துணைகளிலும் மும்மூன்று மரபணு இடங்களின் டி.என்.ஏ. வரிசைகள் ஒப்பிடப்பட்டன. பாசியின் மரபணு வேறுபாட்டைத் தட்பவெப்பமும், துணைகள் சேர்ந்து பரவிய வரலாறுமே பெரிதும் தீர்மானித்தன என்பது அதன் முடிவு. மிதவெப்பப் பகுதியின் பூஞ்சைகள் ஒரு குறிப்பிட்ட பாசி வழிமரபுடனேயே இணைந்திருந்தன. எனவே, முற்காலத்தில் நிகழ்ந்த துணை மாற்றமே இந்த லைக்கன் துருவத்திலும் மிதவெப்பத்திலும் குடியேற வழிவகுத்தது என்று ஆசிரியர்கள் கருதுகின்றனர்.

இரு துணைகளையும் சமநிலையில் வைத்து ஆராய்ந்தது இவ்வாய்வின் சிறப்பு. ஆயினும், தொடர்பிலிருந்து காரணத்திற்குச் செல்லும் இறுதிப் படி போதிய வலுவுடையதாக இல்லை. புதிய பாசி கிடைத்ததால் பூஞ்சை புதிய நிலத்தை அடைந்ததா, புதிய நிலத்தை அடைந்த பின் அங்கிருந்த பாசியை ஏற்றதா? இவ்விரண்டும் இன்று ஒரே மரபணுப் பரவலையே விட்டுச்செல்லும். பூஞ்சை பிளைஸ்டோசீன் காலத்தில் தென்னரைக்கோளத்திற்குப் பரவியது என்று ஃபெர்னாண்டஸ்-மெண்டோசாவும் பிரின்ட்சனும் 2013இல் காட்டினர். துணை மாற்றத்தின் காலமும் இதுபோல் கணிக்கப்பட்டாலன்றி முன்பின் வரிசை புலப்படாது.

பாசித் தரவின் எல்லையும் கருதத்தக்கது. டிரெபூக்சியா வழிமரபுகளைப் பல லைக்கன்கள் பகிர்ந்துகொள்கின்றன. ஒரே லைக்கனின் தாலஸ்களிலிருந்து வரையப்படும் வரைபடம் பாசியின் பரவலைக் காட்டாது. அப்பூஞ்சை ஏற்றுக்கொண்ட பாசிகளையே காட்டும். மேலும், ரமாலினா ஃபரினேசியாவின் ஒரே தாலஸில் இரு டிரெபூக்சியா இனங்கள் சேர்ந்து வாழ்வதைக் கசானோவும் பிறரும் 2011இல் நிறுவினர். அத்தகைய நிலை பிற லைக்கன்களிலும் இருப்பின், துணை மாற்றமாகத் தோன்றுவது முன்பே உடனிருந்த பாசிகளின் விகித மாற்றமாகவும் இருக்கலாம்.

இவ்வேறுபாடு சொல்லளவில் முடிவதன்று. புவி வெப்பமடையும்போது லைக்கன்கள் துணையை மாற்றித் தப்பும் என்ற நம்பிக்கை இம்முடிவின்மேல் கட்டப்படக்கூடும். ஒரே பூஞ்சையை இருவகைப் பாசிகளுடனும் வெவ்வேறு வெப்பநிலைகளில் வளர்த்து ஒப்பிடும் சோதனை, அருகில் வாழும் பிற லைக்கன்களின் பாசிகளையும் உள்ளடக்கிய மாதிரி ஆகிய இரண்டும் அமைந்தால்தான் அந்நம்பிக்கைக்கு அடித்தளம் உண்டாகும். அதுவரை, துணை மாற்றத்தை நிறுவப்பட்ட காரணமாகக் கொள்ளாது, சோதிக்கத்தக்க கருதுகோளாகக் கொள்வதே தகும்.