கொட்டச்சேடு இருமுறை: சேவையகக் கோப்புப் பட்டியலில் சேர்வராயன் மலைப் பெயர்கள்

ஏற்காட்டையும் சேர்வராயன் மலையையும் பற்றிய எழுத்துச் சான்றுகள் ஒரே பெயரில் கிடைப்பதில்லை. லெ ஃபானுவின் சேலம் மாவட்டக் கையேடும் (1883), ரிச்சர்ட்ஸின் மாவட்ட விவரச்சுவடியும் (1918) மலையை ஷெவராய் என்னும் ஆங்கில வடிவத்தால் சுட்டுகின்றன. தமிழில் சேர்வராயன், சேர்வரையன் ஆகிய இரு வடிவங்களும் வழங்குகின்றன. மலையாளி எனப்படும் மலைவாழ் மக்கள் வழிபடும் இடம் ஓரிடத்தில் கோயில், மற்றோரிடத்தில் கோவில். இவற்றின் மின்படிகளைத் தொகுக்கும் சேவையகம் புதுப்பிக்கப்படும்போது கோப்புப் பட்டியலும் திருத்தப்படுகிறது. அத்திருத்தம் தொழில்நுட்பப் பணியாக மட்டுமே கருதப்படுவது பொருந்துமா என்பதே இங்கு எழும் வினா.

ஏற்காட்டு மலையூர்களுள் ஒன்றான கொட்டச்சேட்டின் பெயரைச் சான்றாகக் கொள்ளலாம். அதன் முதலெழுத்தை ஒருங்குறியில் இரு வகையாகச் சேமிக்க இயலும்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகச் சேர்க்கலாம், கொம்பையும் காலையும் இரு குறியெண்களாகப் பிரித்தும் வைக்கலாம். முன்னதில் பெயர் முழுவதும் 11 குறியெண்கள், பின்னதில் 12. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட்டு ஆதலின், நீளம் முறையே 33, 36 பைட்டு ஆகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

1998-இல் வெளிவந்த மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை, பெயர்களைப் பிரித்த வடிவில் மாற்றியே தன் பட்டியலில் எழுதியது. லினக்ஸ் சேவையகங்களில் பரவலாக உள்ள ஈஎக்ஸ்டி4 முறைமையோ இயல்பு நிலையில் தன்னிடம் வந்த பைட்டு வரிசையை அப்படியே காக்கிறது. ஆகவே எச்எஃப்எஸ் பிளஸ் முறைமையுள்ள மேக் கணினியில் வருடிய கோப்புகள் லினக்ஸ் சேவையகத்திற்கு மாற்றப்படும்போது பிரித்த வடிவமே உடன் வருகிறது. விசைப்பலகையில் இணைத்த வடிவில் தட்டித் தேடுபவருக்கு, பைட்டுகளை மட்டுமே ஒப்பிடும் தேடலில் அக்கோப்பு அகப்படாது. பட்டியலை மீளக் கட்டினும் பயனில்லை. புதிய பட்டியலும் அதே பைட்டுகளையே படிக்கிறது.

ஏற்காடு, சேர்வராயன் ஆகிய சொற்களில் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் இல்லை. எனவே இவ்விரண்டையும் இட்டுச் சோதிப்பவருக்குப் பட்டியல் பழுதற்றதாகவே தோன்றும். தோட்டம், கோயில் ஆகியவற்றைத் தேடும்போதே குறை வெளிப்படும். காப்பித் தோட்டங்களும் கோயில் வழிபாடும் இம்மலை வரலாற்றின் நடுப்பகுதியாக இருக்க, அச்சொற்களே தேடலில் தவறுவது சிறு குறையன்று. சான்று இல்லை என்று ஆய்வாளர் முடிவுகட்டவும் கூடும்.

தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்றதோடு குறியாக்கக் குழப்பம் தீர்ந்தது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. அவ்வாணை குறியாக்கங்களின் பன்மையைத்தான் எதிர்கொண்டது; ஒரே குறியாக்கத்திற்குள் எழும் இவ்விரட்டை வடிவை நீக்குவது பட்டியலைப் பேணுவோரின் பொறுப்பாகவே எஞ்சுகிறது. மீடியாவிக்கி மென்பொருள் வரும் எழுத்துகளை எல்லாம் இணைத்த வடிவுக்கு மாற்றிக்கொள்வது இதற்கு நல்ல முன்மாதிரி.

பட்டியல் திருத்தத்தில் இருவகை வேறுபாடுகள் குழப்பிக்கொள்ளப்படுகின்றன. கோயில், கோவில் என்பது பாடவேறுபாடு. மூலத்தில் உள்ளது, காக்கத்தக்கது. இணைத்த வடிவும் பிரித்த வடிவும் பாடமே அல்ல, இயந்திரத்தின் எச்சம். ஒழுங்குபடுத்தல் என்னும் பெயரில் முன்னதைச் சீராக்கிவிட்டுப் பின்னதை விட்டுவைப்பது பதிப்பு நெறியைத் தலைகீழாக்குவதாகும். சேர்வரையன் என்று எழுதிய நூலைச் சேர்வராயன் என்று மாற்றிப் பட்டியலிடுவோர், உ.வே.சாமிநாதையர் காலத்திலிருந்து பதிப்பாசிரியர் போற்றிவந்த பாடக்குறிப்பு மரபை ஒரே கட்டளையில் அழிக்கின்றனர்.

கோப்புக்கு எண்பெயரும், பட்டியலில் மூலத் தலைப்புக்கு ஒரு புலமும், தேடலுக்கென இணைத்த வடிவுக்கு மற்றொரு புலமும் அமைவதே தக்கது. பெயர்மாற்றக் கருவியான கன்வ்எம்வி இயல்பாக ஒத்திகை மட்டுமே நடத்தி மாற்றங்களைக் காட்டும். அவ்வெளியீட்டைத் தமிழறிந்த ஒருவர் படித்த பின்னரே மெய்யான மாற்றம் நிகழ வேண்டும். ஒரே அடைவில் இரண்டு கொட்டச்சேடுகள் இருப்பின், அவை ஒரே கோப்பின் இரு படிகளா, வெவ்வேறு ஆவணங்களா என்பதைத் திறந்து பார்த்தே அறிய முடியும்.