'குடும்பம்' எனும் நிறுவனம்

ஆனா வீனரின் 'அன்கேனி வேலி' 2020இல் வெளிவந்த தன்வரலாறு. நியூயார்க் பதிப்புத் துறையை விட்டு சான் பிரான்சிஸ்கோ சென்று, தரவுப் பகுப்பாய்வு ஸ்டார்ட்அப் ஒன்றில் வாடிக்கையாளர் சேவையில் சேர்ந்தவர் அவர்.

முதலீட்டாளர் பணத்தில், லாபம் வருமுன்பே வேகமாக வளரத் துடிப்பதுதான் ஸ்டார்ட்அப். அந்த வேகத்துக்கு ஊழியரின் இரவுகளும் செலவாகின்றன. ஈடாகத் தரும் பங்குரிமை முழுதாகச் சேர வழக்கமாக 4 ஆண்டுகள். நிறுவனம் மூழ்கினால் அது வெறும் காகிதம்.

நிரல் எழுதுபவருக்கு மதிப்பு. வாடிக்கையாளரின் கோபத்தைத் தணிப்பவர் ஒரு படி கீழே. வீட்டில் நாம் கண்ட அதே அடுக்கு. வீனர் நிறுவனப் பெயர்களைச் சொல்வதில்லை. அது தயக்கமல்ல என்றே நினைக்கிறேன். பெயரில்லாததால் எல்லா அலுவலகங்களும் அதில் தெரிகின்றன.

'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று எந்த நிறுவனமாவது சொன்னால், தோழியரே, சம்பளத்தையும் வேலைநேரத்தையும் எழுத்தில் கேளுங்கள். குடும்பத்தில் பெண்ணின் உழைப்புக்கு யாரும் கணக்கு வைத்ததில்லை.