அபிஷிக்தானந்தரின் நாட்குறிப்பு

பிற சமயங்களின் தியான முறைகளை நம் ஜெப வாழ்வில் ஏற்கலாமா என்னும் வினா எழும்போதெல்லாம் சுவாமி அபிஷிக்தானந்தர் சான்றாகக் காட்டப்படுகிறார். அவருடைய நாட்குறிப்பைப் படித்தவர்கள் அச்சான்றை இத்துணை எளிதாகக் கையாளமாட்டார்கள்.

ஹென்றி லெ சோ என்னும் இப்பிரெஞ்சுத் துறவி, பெனடிக்டன் மடத்தில் 19 ஆண்டுகள் வாழ்ந்தபின் 1948-இல் இந்தியா வந்தார். 1949-இல் இரமணரைக் கண்டார். 1950-இல் மோன்ஷானேன் அடிகளாருடன் குளித்தலைக்கு அருகே காவிரிக்கரையில் சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவினார். 1952 முதல் அருணாசலக் குகைகளில் பலமுறை மௌனத்தில் தங்கினார். இரைமுண்டோ பணிக்கர் பதிப்பித்த நாட்குறிப்பு, அவர் மறைந்து 13 ஆண்டுகளுக்குப்பின் 1986-இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது.

வாழ்நாளில் அவர் வெளியிட்ட நூல்களில் சத்து, சித்து, ஆனந்தம் என்னும் மூன்றும் திரியேக மறைபொருளை நோக்கிச் செல்லும் படிகளாக அமைகின்றன. அங்கே பாலம் கட்டி முடிந்தாற்போல் தோன்றுகிறது. நாட்குறிப்பிலோ அந்தப் பாலத்தின்மேல் நிற்பவரின் கால்கள் நடுங்குகின்றன. இருப்பது ஒன்றே எனின், "பிதாவே" என்று அழைப்பவர் யார், அழைக்கப்படுபவர் யார்? தம் ஆண்டவருக்குத் துரோகம் செய்கிறோமோ என்ற அச்சம் ஒருபுறம். குகையில் கண்டதைப் பொய்யென்று சொல்ல இயலாமை மறுபுறம். இரண்டில் எதையும் அவர் கைவிடவில்லை. திருப்பலி நிறைவேற்றுவதையும் நிறுத்தவில்லை. 1973 ஜூலையில் ரிஷிகேசத்தில் மாரடைப்பால் வீழ்ந்தபின் எழுதிய பக்கங்களில் ஆழ்ந்த அமைதி உண்டு. எனினும் அதனை இறையியல் விடையென்று கொள்வதற்கில்லை.

ஆகவே, காலையில் சங்கீதமும் மாலையில் உபநிடதமுமாக விருப்பம்போல் எடுத்துக்கொள்வோர்க்கு இந்நூல் துணைநில்லாது. அவருக்கோ நெடுநாள் மடத்து ஒழுங்கு வேராக இருந்தது. அவ்வேரையே அவர் பணயம் வைத்தார். சீர்திருத்தச் சபையினராகிய நமக்கு அத்தகைய ஒழுங்கு உண்டா என்பதை நாம் முதலில் கேட்டுக்கொள்வது நன்று.

நூலின்மீது நமக்கொரு குறையும் உண்டு. அவர் கண்ட இந்தியாவின் மையம் உபநிடதமும் அத்துவைதமுமே. 1981-இல் பெங்களூரில் அரவிந்த் நிர்மல், இந்தியக் கிறிஸ்தவ இறையியல் பிராமணிய மரபையே பற்றி நிற்பதைக் கண்டித்தார். அக்கண்டனம் இங்கும் பொருந்தும். வேதம் ஓதும் உரிமை மறுக்கப்பட்டோரின் பிள்ளைகளே நம் கிராமச் சபைகளில் பெரும்பாலோர். அவர்களிடம் உபநிடதத்தை "உங்கள் முன்னோர் சொத்து" என்று நீட்டும் போதகர், அவர்கள் முன்னோரின் பறையொலியையும் ஒப்பாரியையும் ஆலய வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்தது ஏன் என்றும் சொல்லவேண்டும்.