விளிம்பும் வினாவும்: ரேவதியின் தன்வரலாற்றை முன்வைத்து

பாலியல் சிறுபான்மையினராய் இருத்தலே மரபை மீறும் தற்சிந்தனையை வளர்க்கும் என்பது பொதுவாகக் கூறப்படும் கருத்தாகும். அ. ரேவதியின் ‘வெள்ளை மொழி’ (2011) இக்கருத்தை முழுமையாக ஏற்க இடந்தரவில்லை. குடும்பத்தின் ஆண்மை ஒழுங்கிலிருந்து வெளியேறும் அவர், திருநங்கையர் சமூகத்தின் குரு–சேலா உறவு என்னும் மற்றொரு படிநிலைக்குள் நுழைகிறார். மூத்தோர்க்கு அடங்குதல், பணிவிடை செய்தல் என அங்கும் விதிகள் உள. விலக்கப்பட்டோர்க்கு அடைக்கலம் தருவதும் அவ்வமைப்பே ஆதலின், அதனை வினவுதல் எளிதன்று.

எனவே, விளிம்புநிலை ஒருவரை வினா எழுமிடத்தில் நிறுத்துகிறதேயன்றி, வினாவைத் தானே தந்துவிடுவதில்லை. பெங்களூரின் சங்கமா அமைப்பில் பணியாற்றியதும், திருநங்கையர் பலரின் வாழ்க்கைக் கதைகளை ‘உணர்வும் உருவமும்’ (2005) எனத் தொகுத்ததும் ரேவதியின் வினாவைக் கூர்மையாக்கின எனலாம். பிறர் அனுபவத்தோடு தம் அனுபவத்தை ஒப்புநோக்கும் பயிற்சி, இரு மரபுகளையும் விலகிநின்று காணும் பார்வைக்கு வழிவகுத்தது. தற்சிந்தனையைப் பாலடையாளத்தின் இயல்பாகக் கொள்வது பாராட்டுப்போலத் தோன்றினும், அதனை ஈட்ட அவர் மேற்கொண்ட உழைப்பை மறைத்துவிடும்.