நடுவில் ஒரு தண்டவாளம்

நாம் பார்த்துப் பழகிய ரயில் பாதைக்குத் தண்டவாளம் இரண்டு. அமெரிக்க வீடுகளில் ஓடும் பழைய பாணிப் பொம்மை ரயிலுக்கு மூன்று. இரண்டுக்கும் நட்டநடுவே இன்னொன்று ஓடும். ரயிலை அச்சு அசலாக வடிக்கும் ஸ்கேல் மாடல்காரர்கள் இதைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். அவர்கள் சுளிப்பதற்கு இன்னும் நிறைய இருக்கிறது. பத்து அங்குலத் துண்டுக்கு மூன்றே மூன்று குறுக்குக் கட்டைகள், அவையும் தகரம். தண்டவாளம் கெட்டி இரும்பல்ல, தகட்டை மடித்து உருட்டிய பொள்ளல் குழாய். பெட்டிகளைக் கோக்கும் கொக்கி அளவுக்கு மீறிப் பெருத்தது. வளைவுகளோ, நிஜ என்ஜின் எதுவும் கனவிலும் திரும்ப நினைக்காத அளவுக்குக் குறுகியவை.

எனக்கு ருசியே இந்தக் குறைகளில்தான். ஸ்கேல் மாடல் ரயிலைப் போல இருக்கப் பார்க்கிறது. பொம்மை ரயில் ரயிலைப் போல வேலை செய்யப் பார்க்கிறது. இரண்டும் வேறு வேறு ஆசைகள். முதலாவதைக் கண்ணால் ரசிக்கலாம். இரண்டாவதை ரசிக்கக் கையும் காதும் மூக்கும் வேண்டும்.

அந்த நடுத் தண்டவாளத்தையே எடுத்துக்கொள்வோம். மின்சாரம் அதன் வழியே வந்து, வெளித் தண்டவாளங்கள் வழியே திரும்புகிறது. இரண்டு தண்டவாளப் பாதையில் ஒன்று போக, ஒன்று வர. அதில் ரயிலை ஒரு சுற்றுச் சுற்ற வைத்து வந்த வழியிலேயே திருப்பி அனுப்பினால் இடது வலதாகிவிடும், உடனே ஷார்ட். தப்பிக்கத் தனி ஒயரிங் வேண்டும். மூன்றில் அந்தக் கவலையே இல்லை. எப்படித் திருப்பினாலும் நடு நடுவாகவே இருக்கும். தரையில் உட்கார்ந்து பாதை கோக்கும் ஏழு வயதுப் பிள்ளை மனம்போன போக்கில் இணைக்கலாம், ரயில் ஓடும்.

இதைவிட அழகான இன்னொரு சமாச்சாரம் உண்டு. வெளித் தண்டவாளங்கள் இரண்டும் மின்சாரத்துக்கு ஒரே தரப்புதான் என்பதால், ஓரிடத்தில் ஒன்றை மட்டும் காகிதத் தக்கை வைத்துப் பிரித்துவிட்டால் ரயிலின் ஓட்டம் கெடாது. பிரித்த துண்டிலிருந்து ஒரு ஒயரை இழுத்து ஒரு சிறிய குடிசைக்குக் கொடுக்கிறோம். பெட்டிகளின் இரும்புச் சக்கரமும் அச்சும் அந்தத் துண்டில் ஏறிய கணம் இரண்டு தண்டவாளமும் இணைந்து, குடிசைக்குள் இருக்கும் காந்தச் சுருள் உயிர் பெறும். கதவு திறந்து, கையில் விளக்கோடு கேட் கீப்பர் வெளியே வருவார். கடைசிப் பெட்டி போனதும் உள்ளே போய்விடுவார். சென்சாரும் கிடையாது, சிப்பும் கிடையாது. வருகிற ரயில்தான் அவரைக் கூப்பிடுகிறது. லயனல் கம்பெனி 1935இல் கொண்டுவந்த இந்தக் கேட்மேன், தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினால் ரயிலைவிடப் பெரிய ஆளாகத் தெரிவார். அதைப் பற்றி யாரும் புகார் சொன்னதாகத் தெரியவில்லை.

லயனலைச் சொல்லாமல் இந்தக் கலையைச் சொல்ல முடியாது. தண்டவாளத்தையும் பெட்டிகளையும் வரையறுத்த அளவுகளில் செய்து, எட்டு வடிவப் பாதையோடு 1891 லைப்சிக் சந்தையில் வைத்த ஜெர்மனியின் மெர்க்லின்தான் இதற்கெல்லாம் மூத்தவர். இங்கிலாந்தில் லிவர்பூலின் ஃபிராங்க் ஹார்ன்பி 1920இல் சாவி கொடுத்து ஓடும் ரயில்களோடு வந்தார். ஆனால் வீட்டு ரயிலை மின்சாரத்தின் பிள்ளையாக ஊரெங்கும் பரப்பியவர் நியூயார்க்கின் ஜோஷுவா லயனல் கோவன். 1900இல் ஆரம்பித்தவர் முதலில் செய்தது விளையாட்டுச் சாமானே அல்ல. கடை ஜன்னலில் சரக்கை ஏற்றிச் சுற்றிவர, மோட்டார் வைத்த ஒரு மரப் பெட்டி. வந்தவர்கள் சரக்கை விட்டுவிட்டுப் பெட்டிக்கு விலை கேட்டார்கள் என்பது அந்தக் கம்பெனியின் ஸ்தல புராணம். 1906இல் மூன்று தண்டவாளத்தைக் கொண்டுவந்தார். வெளித் தண்டவாளங்களுக்கு இடையே 2⅛ அங்குலம். அந்த அளவில் வேறு யாருமே செய்யவில்லை. அவர் அதற்கு வைத்த பெயரோ ‘ஸ்டாண்டர்டு கேஜ்’! மற்றவர்கள் பின்னால் அதே அளவுக்கு வந்தபோது ‘வைடு கேஜ்’ என்று சொல்லிக்கொள்ள வேண்டியதாயிற்று. வியாபாரி என்றால் இப்படி இருக்கவேண்டும். இன்று மூன்று தண்டவாளத்தில் பெரும்பாலும் ஓடுவது 1915இல் அவர் சேர்த்த சின்ன அளவு, ‘ஓ கேஜ்’. 1¼ அங்குலம்.

தகர யுகத்தின் உச்சம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் 1930இல் வந்த ‘புளூ காமெட்’டைக் காட்டுவேன். ஜெர்சி சிட்டிக்கும் அட்லாண்டிக் சிட்டிக்கும் இடையே அதே பெயரில் ஒரு நிஜ ரயில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. அதன் பெட்டிகளுக்கு வால்நட்சத்திரங்களின் பெயர்கள். பொம்மையிலும் அப்படியே: ஃபே, வெஸ்ட்ஃபால், டெம்பெல். இரண்டு சாயல் நீலத்தில் சூளையில் சுட்ட எனாமல், பித்தளைப் பெயர்த் தகடு, செம்புக் குழாய்கள். நிஜ ரயிலில் இத்தனை பளபளப்பு இருந்திருக்க முடியாது. பொம்மைக்காரன் ரயிலை நகல் எடுக்கவில்லை. பிளாட்பாரத்தில் நிற்கும் ஒரு சிறுவனின் கண்ணில் அந்த ரயில் எப்படி விழுந்ததோ அதைச் செய்தான்.

அதே கம்பெனிக்கு நகல் எடுக்கும் ஆசையும் ஒருமுறை வந்தது. 1937இல் நியூயார்க் சென்ட்ரலின் ஹட்சன் என்ஜினை ஆணிக்கு ஆணி அளவெடுத்துச் செய்தார்கள். விலை 75 டாலர், அந்தக் காலத்துக்குப் பெரிய பணம். ஆறடி விட்டமுள்ள வட்டத்தில்தான் அது திரும்பும். பார்க்கக் கம்பீரம், சந்தேகமில்லை. ஆனால் சாதாரண வீட்டுக் கூடத்தில் அது ஓடாது. பின்னால் போர் முடிந்து அவர்கள் செய்த பென்சில்வேனியா ரயில்வேயின் ஜிஜி1 மின்சார என்ஜினை இதோடு வைத்துப் பார்க்கவேண்டும். நிஜத்தில் நீண்டு நெளியும் உடம்பைக் கணிசமாகக் குறுக்கிவிட்டார்கள். ஆனால் மூக்கின் சரிவு, பக்கவாட்டில் ஓடும் தங்கக் கோடுகள், அந்தத் திமிர், எதுவும் போகவில்லை. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று தெரிந்த கை அது. எனக்கு ஹட்சனைவிட இந்த ஜிஜி1 ஒரு படி மேல்.

வீட்டில் கட்டுவது எப்படி? நாலடிக்கு எட்டடி பிளைவுட் பலகை ஒன்று, கால்கள், பச்சைப் பெயின்ட். எட்டு வளைவுத் துண்டுகள் சேர்ந்தால் சுமார் 31 அங்குல வட்டம். நேர்த் துண்டுகளைச் செருகினால் நீள்வட்டம். உள்ளே ஒரு வளையம், வெளியே ஒரு வளையம், இரண்டுக்கும் இடையே கடக்க ஒரு ஜோடி பாயிண்ட். இந்தப் பாயிண்டிலும் கேட்மேனின் சூட்சுமம்தான். தவறான பக்கத்திலிருந்து வரும் ரயிலின் சக்கரம் பட்டதும் பாயிண்ட் தானே திரும்பி வழிவிடும். சத்தம் குறைய, பலகை மேல் காகிதக் கூழை அழுத்திச் செய்த ஹோமசோட் அட்டை போடுவார்கள். ஒரு அடுக்கு போதும். பொள்ளல் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருளும் அந்த முழக்கத்தை அடியோடு அடக்கிவிடுகிறவர்கள் எதற்கு இதை வாங்கினார்கள் என்று புரியவில்லை.

மலை, குகை, மரம் எல்லாம் அளவாக இருந்தால் நல்லது. நிஜம்போலப் பாறை வடித்து, நிஜம்போல அழுக்குப் பூசி, அதன் நடுவே பளபளக்கும் தகர ரயிலை விட்டால் இரண்டும் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும். பச்சைப் பலகையில் தகர ஸ்டேஷன், தகரப் பாலம், தலை பெருத்த விளக்குக் கம்பங்கள் என்று எல்லாம் ஒரே ஜாதியாக இருக்கும்போது கண் கேள்வி கேட்பதில்லை.

ஒயரிங்கில் மட்டும் சிக்கனம் கூடாது. துண்டு துண்டான பாதையில் ஒவ்வொரு இணைப்பும் கொஞ்சம் மின்சாரத்தை விழுங்கும். ஒரே இடத்தில் கொடுத்தால் மறுகோடியில் ரயில் மூச்சு வாங்கும். பலகைக்கு அடியில் தடித்த ஒயரை ஓட்டி நாலைந்து இடங்களில் மேலே கொண்டுவரவேண்டும். இரண்டு டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் இரண்டின் ஃபேஸும் ஒத்துப்போகிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். ஒத்துப்போகாவிட்டால் என்ஜின் ஒரு வளையத்திலிருந்து மறு வளையத்துக்குத் தாண்டும்போது பொறி பறக்கும். இரண்டுக்கும் பதில் ஒரே ராஜா போதும் என்பவர்களுக்கு லயனலின் இசட்.டபிள்யூ. இருக்கிறது. 1948இல் வந்தது, பின்னால் 275 வாட் வரை போனது, நான்கு பாதைகளுக்குத் தனித்தனிக் கட்டுப்பாடு. இருபுறமும் இரண்டு பெரிய லிவர்கள். அவற்றின் முன் உட்கார்ந்தவருக்குத் தன்னையறியாமல் முதுகு நிமிரும்.

இனி ஓட்டுவது. லிவரைத் தூக்கியதும் என்ஜினுக்குள்ளிருந்து ஒரு உறுமல் வரும். அது ஈ-யூனிட். ஐவ்ஸ் கம்பெனி கண்டுபிடித்து, அது நொடித்தபின் லயனலின் கைக்கு வந்த சாதனம். சிறிய உருளை ஒன்று, அதைத் தள்ள ஒரு காந்தச் சுருள். மின்சாரம் நின்று மறுபடி வரும்போதெல்லாம் உருளை ஒரு பல் நகரும்: முன்னே, நிற்க, பின்னே, நிற்க. ஒரு சின்ன மூளை என்றே சொல்லலாம், நாலு வார்த்தை மட்டும் தெரிந்த மூளை. விசில் இதைவிடக் கெட்டிக்காரத்தனம். ரயில் ஓடுவது மாறு மின்சாரத்தில். விசில் பொத்தானை அழுத்தினால் அதோடு கொஞ்சம் நேர் மின்சாரம் கலக்கும். என்ஜினுக்குப் பின்னால் வரும் டெண்டர் பெட்டிக்குள் இருக்கும் ரிலே அந்தக் கலப்புக்கு மட்டும் செவிசாய்த்து, ஒரு குட்டி விசிறியைச் சுழற்றும். வருவது பதிவு செய்த ஒலியல்ல. காற்று நிஜமாகவே குழலுக்குள் புகுந்து ஊதுகிறது. 1946இல் புகையும் சேர்ந்தது. புகைபோக்கியில் ஒரு மாத்திரையைப் போட்டால் சூட்டில் உருகிப் புகையும். சக்கரத்தோடு இணைந்த பிஸ்டன் அதை ஓட்டத்துக்கு ஏற்பக் குப்குப்பென்று தள்ளும். 1950இல் சக்கரங்களைக் காந்தமாக்கி, என்ஜின் தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்ளும்படி செய்தார்கள். தண்டவாளம் மட்டமான இரும்புத் தகடாக இருந்ததால்தான் அது முடிந்தது.

இன்றைய என்ஜின்களில் சிப் வந்துவிட்டது. ரயில் பைத்தியமான பாடகர் நீல் யங் 1995இல் லயனலின் பங்குதாரர்களில் ஒருவராகி, ரிமோட்டிலும் ஒலியிலும் நிறைய உழைத்தார். ஒலி அற்புதம், மறுக்க முடியாது. ஆனாலும் அந்த விசிறி விசில் ஊதும்போது வண்டி லேசாகத் தளர்ந்து பிறகு நிமிரும் பாருங்கள், அதை எந்த ஒலிபெருக்கியும் தராது.

ஓட்டுபவரின் கைத்திறன் தெரிவது பால் வண்டியில். 1947இல் வந்த சரக்கு இது. தனியாக ஒரு துண்டுப் பாதையில், கூடுதலாக ஓடும் தண்டவாளங்கள் மீது பெட்டியின் அடியிலுள்ள தொடுதகடு படும்படி சரியாக நிறுத்தவேண்டும். அரை அங்குலம் தாண்டினாலும் கேன் மேடைக்கு வெளியே விழும். பழைய மோட்டாருக்கு நிதானமாக நிற்கவும் தெரியாது, லிவரைக் கை அளந்து இறக்கவேண்டும். நின்றதும் பொத்தானை அழுத்தினால் கதவைத் தள்ளிக்கொண்டு வெள்ளைச் சட்டைக்காரர் வந்து பால் கேனை மேடை மேல் வைத்துவிட்டுப் பின்வாங்குவார். மறுபடி அழுத்தினால் மறுபடி ஒரு கேன். அந்தக் காலத்தில் இது விற்ற விற்பனைக்கு அளவில்லை.

இரண்டு வருஷம் கழித்து வந்த மாட்டு வண்டிக்கு அந்தச் சமர்த்து கிடையாது. மேடையும் பெட்டியும் அதிர, குட்டி மாடுகள் ஊர்ந்து ஒரு கதவில் இறங்கித் தொழுவத்தைச் சுற்றி மறு கதவில் ஏறவேண்டும். ஏற்பாடு அப்படி. நடப்பது வேறு. ஒன்று வாசலில் குறுக்கே நிற்கும், ஒன்று வேலியில் முட்டிக்கொண்டு நடுங்கும், பின்னால் வருவது முன்னால் இருப்பதைச் சாய்க்கும். கடைசியில் விரல் விட்டுத்தான் ஓட்டவேண்டும். மாடு ஓட்டுவதில் இதைவிட நிஜமான மாடல் எந்த ஸ்கேலிலும் வந்ததில்லை.

பலருக்கு இது கிறிஸ்துமஸோடு வந்து கிறிஸ்துமஸோடு பரணுக்குப் போகிற சங்கதி. பென்சில்வேனியாவின் மொரேவியக் கிறிஸ்தவர்கள் மரத்தடியில் பாசியும் கல்லும் பரப்பி, குடிலும் ஊரும் அமைப்பார்கள். பட்ஸ் என்று பெயர். அந்த வழக்கம் இருந்த வட்டாரங்களில் ரயில் வந்ததும் சுலபமாகக் குடியேறிக்கொண்டது. பால்டிமோரில் தீயணைப்பு நிலையங்களிலேயே இப்படி அமைத்து ஊராரைக் கூப்பிட்டுக் காட்டும் பழக்கம் உண்டு. கொலுப் படிக்குக் கீழே மணலில் கடுகு முளைக்கவிட்டு, கண்ணாடியைக் குளமாக்கி, பார்க் கட்டிய வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே பாசி, இங்கே கடுகு.

அறுபதுகளுக்குள் டெலிவிஷனும் சின்ன அளவு பிளாஸ்டிக் ரயில்களும் சேர்ந்து இந்தச் சந்தையைத் தின்றுவிட்டன. கோவன் 1959இலேயே விற்றுவிட்டு விலகினார். மிச்சம் இருந்ததைச் சேகரிப்பவர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1957இல் சிறுமிகளுக்கென்று ரோஸ் நிறத்தில் ஒரு நீராவி என்ஜின் செய்தார்கள்; ‘ரயில் ரோஸிலா இருக்கும்?’ என்று சிறுமிகளே ஒதுக்க, அது கடைகளில் தேங்கியது. இன்று அதற்குத்தான் யானை விலை. அட்டைப்பெட்டி கலையாமல் இருந்தால் இன்னும் அதிகம். அப்படி வாங்கியவர்கள் அதை ஓட்டுவதில்லை. ஓட்டாத ரயிலை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அது என் சப்ஜெக்ட் அல்ல.

ரசிகனுக்கு ஏற்றது பெயின்ட் உதிர்ந்த, அட்டைப்பெட்டி இல்லாத, எழுபது வயதான சாதாரண என்ஜின். விலையும் எட்டும். கார்பன் பிரஷ்களை எடுத்துத் துடைத்து, கம்யூட்டேட்டரின் கருப்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, அச்சுக்கு ஒரு சொட்டு எண்ணெய். ஒன்றே ஒன்று, மிஞ்சினால் சக்கரம் வழுக்கும். தண்டவாளத்தை இரும்பு நாரால் மட்டும் தேய்க்கக் கூடாது. அதன் துகளைக் காந்தம் உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு லிவரைத் தூக்கலாம். உறுமும், வெளிச்சம் வரும், சூடான எண்ணெயும் பொறியும் கலந்த வாசனை வரும், வண்டி மட்டும் நகராது. பயப்பட வேண்டாம், ஈ-யூனிட் ‘நிற்க’வில் நிற்கிறது. மின்சாரத்தை ஒருமுறை நிறுத்திவிட்டுக் கொடுத்தால் போதும், கிளம்பிவிடும். பெரும்பாலும் நாம் நினைத்ததற்கு எதிர்த் திசையில்.