கோமகனும் கோமாளியும்

விழுந்தார் குடியரசுத் தலைவர்! எழுந்தார், தடுமாறினார், மேசையைப் பற்றினார், மேசையோடு மீண்டும் விழுந்தார். அரங்கம் சிரித்தது. நாடு சிரித்தது. சில திங்கள் சென்றபின், விழுந்ததாகக் காட்டப்பட்ட அந்தக் குடியரசுத் தலைவரே சேர்ந்து சிரித்தார்!

அமெரிக்க நாட்டில் நடந்தது இது. 1975 அக்டோபர் 11ஆம் நாள், நியூயார்க் நகரத்து ராக்பெல்லர் மையத்தில், என்.பி.சி. தொலைக்காட்சி நிறுவனத்தின் 8-எச் என்னும் கூடத்திலிருந்து ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி புறப்பட்டது. ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்று உலகம் இன்று அறிந்திருக்கும் நிகழ்ச்சி. சனிக்கிழமை இரவு 11.30 மணிக்குத் தொடங்கும். ஒன்றரை மணி நேரம் நடக்கும். அதில் பெரும்பகுதி, நடிக்கும் நொடியிலேயே வீடுகளுக்குப் போய்ச் சேர்வது. சிறு சிறு நாடகங்கள், இடையே இசை, நடுவே அந்த வாரத்துச் செய்திகளைக் கேலி பேசும் பொய்ச் செய்தி அறிக்கை என்பன அதன் உறுப்புகள். ஃபோர்டு முதல் டிரம்ப், பைடன் வரை ஒன்பது குடியரசுத் தலைவர்களைத் தன் மேடையில் ஏற்றி ஆட்டிவைத்து, 2025இல் பொன்விழாவும் கொண்டாடிவிட்டது.

ஐம்பது ஆண்டுகள் நாடாள்வோரை எள்ளி நகையாட ஒரு மேடை நின்றது என்றால் அது சிறு செய்தியன்று. வாய்திறந்தால் சிறை, சிரித்தால் சவுக்கு என்றிருக்கும் நாடுகள் இன்றும் உண்டு. ஆகவே அந்த மேடையை நாம் வாழ்த்துகிறோம். ஆனால், வாழ்த்துவது மட்டும் திறனாய்வு ஆகிவிடாது. கோமகனைக் கோமாளி கேலி செய்கிறான், சரி. அந்தக் கேலியால் யாருக்கு என்ன விளைந்தது? இதைக் கேட்காமல் நம்மால் இருக்க முடியவில்லை.

முதலில் ஒரு முணுமுணுப்புக்கு விடை சொல்லிவிடுவோம். “முன்போல் இல்லை! அந்தக் காலத்து நடிகர்கள் எங்கே, இந்தக் காலத்து நடிகர்கள் எங்கே!” என்று இந்த நிகழ்ச்சியைப் பற்றிப் பெருமூச்சு விடுவோர் அமெரிக்காவில் தலைமுறைக்குத் தலைமுறை உண்டு. எழுபதுகளில் பார்த்தவர் எழுபதுகளே பொற்காலம் என்பார். தொண்ணூறுகளில் பள்ளிச் சிறுவனாயிருந்தவர் தொண்ணூறுகளே பொற்காலம் என்பார். ஆக, பொற்காலம் என்பது அவரவர் இளமைக்காலம்தான் போலும்! பழமை என்ற ஒரே காரணத்துக்காகப் பணிந்து வணங்கும் பழக்கம் நமக்கு எப்போதும் உடன்பாடன்று. அந்த முதல் ஆண்டில் ஜிம் ஹென்சனின் பொம்மைகளைக் கொண்டு ஒரு பகுதி நடத்தினார்கள், எழுதியவர்களுக்கே அது பிடிக்கவில்லை, நிலைக்காமல் போயிற்று. 1980இல் நிகழ்ச்சியைப் படைத்த லார்ன் மைக்கேல்சும் பழைய நடிகர் குழுவும் வெளியேறினர். அடுத்து வந்த பருவம் படுதோல்வி என்று ஏடுகள் எழுதின. அந்தப் படுதோல்விப் பருவத்தில்தான் 19 வயது எட்டி மர்ஃபி மேடைக்கு வந்தார்! பொற்காலத்திலும் பித்தளை உண்டு. பித்தளைக் காலத்திலும் பொன் உண்டு. ஆண்டுக் கணக்கை வைத்துத் தரம் பார்ப்பது தவறு. வேறு உரைகல் வேண்டும்.

அந்த உரைகல்லை நாம் தொல்காப்பியரிடமிருந்தே பெறலாம். நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்று வகுத்தார் அவர். அவற்றுள் எள்ளலும் ஒன்று, பேதைமையும் ஒன்று. இரண்டும் சிரிப்பைத் தரும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. வகுப்பறையில் நாம் நாள்தோறும் காண்பதுதான். ஆசிரியர் நடப்பது போல் நடந்து காட்டுவான் ஒரு மாணவன், வகுப்பு சிரிக்கும், ஆசிரியரும் சிரிப்பார், அத்தோடு சரி. இன்னொருவன் ஆசிரியரின் குரலிலேயே, “பண்ணையார் மகனா, வா தம்பி, நீ வீட்டுப் பாடம் எழுதாவிட்டால் என்ன!” என்று சொல்லிவிடுவான். வகுப்பு ஒரு நொடி திகைக்கும், பிறகுதான் சிரிக்கும். ஆசிரியர் அன்றிரவு தூங்கமாட்டார். முன்னவன் காட்டியது நடை. பின்னவன் காட்டியது நடத்தை.

இந்த உரைகல்லில் அமெரிக்க மேடையைத் தேய்த்துப் பார்ப்போம்.

ஃபோர்டாக நடித்தவர் செவி சேஸ். ஒப்பனை இல்லை; குரல் ஒப்புமை இல்லை; விழுவது ஒன்றே வேலை. 1975 ஜூன் திங்களில் ஆஸ்திரிய நாட்டுச் சால்ஸ்பர்க் நகரில் விமானப் படிக்கட்டில் ஃபோர்டு சறுக்கி விழுந்தது உண்மை. அந்த ஒரு சறுக்கலைப் பிடித்துக்கொண்டு அவரைத் தட்டுத்தடுமாறும் பேதையாக்கினார் சேஸ். உண்மையில் ஃபோர்டு, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியில் ஆடிய உடலுரம் படைத்தவர்! அவர் செய்த பெருஞ்செயல் வேறு. 1974 செப்டம்பர் 8ஆம் நாள், வாட்டர்கேட் ஊழலால் பதவி துறந்த நிக்சனுக்கு, வழக்கு மன்றம் காணும் முன்பே முழு மன்னிப்பு வழங்கினார். சட்டத்தின் முன் அனைவரும் ஒன்றா என்று நாடே கொதித்த செயல் அது. மேசையோடு விழும் உடம்பில் அந்த மன்னிப்பு எங்கே தெரிகிறது? கேலி காலைப் பிடித்துக்கொண்டது. கையெழுத்திட்ட கையை விட்டுவிட்டது. 1976 ஏப்ரலில் அவருடைய செய்திச் செயலாளர் ரான் நெஸ்ஸனே நிகழ்ச்சியை நடத்த வந்தார். படம் பிடித்து அனுப்பிய காட்சியில் ஃபோர்டும் தோன்றினார். அவ்வாண்டுத் தேர்தலில் ஏறத்தாழ 2 விழுக்காடு வேறுபாட்டில் அவர் தோற்றதில் இந்தக் கேலிக்கும் பங்குண்டு என்று பேசுவோர் உண்டு. இருக்கலாம். ஆயினும் ஒருவன் விழுகிறான் என்பதற்காக அவனை வீழ்த்துவது மக்களாட்சிக்குப் பெருமையன்று.

இதற்கு நேர்மாறாக ஒன்றைச் சொல்வோம். 1986 டிசம்பர் 6. ஈரானுக்குக் கள்ளத்தனமாகப் படைக்கலம் விற்று, அந்தப் பணத்தை நிகராகுவாவின் கிளர்ச்சிப் படைக்குத் திருப்பிய செய்தி வெளிவந்து சில நாட்களே ஆன நேரம். “எனக்கு ஒன்றும் தெரியாது” என்னும் தோரணையில் இருந்தார் ரீகன். ஃபில் ஹார்ட்மன் ரீகனாக வந்தார். பார்க்க வந்தவர்களிடம் கனிவான தாத்தா. நினைவு மங்கிய முதியவர். சாரணச் சிறுமி ஒருத்தி படம் எடுத்துக்கொண்டு வெளியே போகிறாள், கதவு மூடுகிறது. அந்தக் கணமே தாத்தா மறைகிறார்! வட்டிக் கணக்கை மனத்திலேயே போடுகிறார். தொலைபேசியில் பிறநாட்டு மொழியில் பேரம் பேசுகிறார். களைத்துப் போன அமைச்சர்களை அதட்டி விரட்டுகிறார். சிரித்து முடித்ததும் காண்பவனுக்கு ஒரு கேள்வி எஞ்சுகிறது. தெரிந்து செய்தாரென்றால் குற்றவாளி. தெரியாமல் நடந்ததென்றால் நாட்டை ஆண்டது யார்? எப்பக்கம் திரும்பினாலும் தப்ப வழியில்லை. இதுதான் எள்ளல்!

அதே ஹார்ட்மன் 1992 டிசம்பரில் கிளிண்டனாக வந்து, மெக்டொனால்ட்ஸ் உணவுக் கடையில் மக்களோடு குலாவினார். சோமாலியாவுக்கு அனுப்பும் உணவைப் போர்க் கும்பல்கள் எப்படி வழிமறிக்கின்றன என்று விளக்கிக்கொண்டே, அடுத்தவர் தட்டிலிருந்ததையெல்லாம் எடுத்து விழுங்கினார். இன்முகமும் பெருந்தீனியும் ஒரே உடம்பில்! கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டு காலியானதையும் மறந்து மயங்கி நின்றார்கள். கேலி தலைவர் மீது மட்டுமா? மயங்கும் மக்கள் மீதும்தான்.

ஆனால் எள்ளல் நீங்கிப் பேதைமை மட்டும் நிற்குமிடத்தில் என்ன நடக்கிறது? மூத்த புஷ்ஷின் கையசைவையும் குழறலையும் டானா கார்வி அத்தனை இனிமையாக நடித்தார். 1992இல் தேர்தலில் தோற்ற புஷ், தம் அலுவலர்களின் சோர்வு போக்க, வெள்ளை மாளிகைக்கு அவரையே அழைத்து விருந்தோம்பினார்! 2000இல் இளைய புஷ்ஷாக வில் ஃபெரல், ‘ஸ்ட்ராட்டஜி’ என்னும் சொல்லை ‘ஸ்ட்ராட்டஜரி’ என்று குளறினார். புஷ் சொல்லாத சொல் அது, எழுத்தாளர் கட்டியது. புஷ்ஷின் ஆட்களோ அதைச் சினக்கவில்லை. தங்களுக்குள் செல்லப் பெயராக்கிக்கொண்டார்கள்! எறிந்த கல்லை எடுத்துக் கழுத்தில் அணிந்துகொண்டால் அது எப்படி ஆயுதமாகும்? பேதை என்று காட்டினால் இரக்கம் பிறக்கும். இரக்கத்தின் பின்னே அன்பும் வரும். அந்த அன்புக்குரிய பேதைதான் 2003இல் ஈராக்கின் மீது படை அனுப்பியவர் என்பதை நாம் மறக்கலாமா?

2008இல் டீனா ஃபே, துணைத் தலைவர் வேட்பாளர் சாரா பேலினாக வந்தார். செப்டம்பர் 27இல், பேலின் பேட்டியில் பேசிய சொற்களில் சிலவற்றை ஏறக்குறைய அப்படியே ஒப்பித்தார். கூட்டல் குறைத்தல் இல்லாமலே அரங்கம் அதிர்ந்தது. உண்மையே கேலியாய் நின்றது, அது வலிமை. இரண்டு வாரத்துக்கு முன் அவர் சொன்ன இன்னொரு சொல்லோ, தன் வீட்டிலிருந்தே ரஷ்யா தெரிகிறது என்பது, ஃபேயின் நாடகச் சொல். அதைப் பேலினே சொன்னதாக இன்றும் நம்புவோர் பலர். கேலி உண்மையின் இடத்தைப் பிடித்துக்கொள்வது எதிரிக்கு நேர்ந்தாலும் நேர்மையன்று. பகுத்தறிவாளர் அதற்குக் கைதட்டக் கூடாது. அக்டோபர் 18இல் பேலினே மேடைக்கு வந்து சேர்ந்துகொண்டார். கோமகனும் கோமாளியும் கைகோத்து நிற்கும் அந்தப் படம் மீண்டும்!

அந்தப் படத்தின் கொடிய வடிவம் 2015இல் வந்தது. மெக்சிகோவிலிருந்து குடியேறுவோரை இழித்துப் பேசியதற்காக, ஜூன் திங்களில் டொனால்டு டிரம்ப்போடு வணிக உறவை முறித்தது என்.பி.சி. அதே நிறுவனம் நவம்பர் 7இல் அவரையே நிகழ்ச்சி நடத்த அழைத்தது! வாசலில் எதிர்ப்பு முழக்கம், உள்ளே சிரிப்பு. சட்டப்படி மற்ற வேட்பாளர்கள் நேரம் கேட்டார்கள். சிலருக்கு நிமிடம் எண்ணிக் கொடுத்தார்கள். நிமிடத்தை அளக்கச் சட்டத்தில் கோல் உண்டு. ஒரு சிரிப்பு சம்பாதித்துக் கொடுக்கும் நட்பை அளக்கக் கோல் ஏது?

அடுத்த ஆண்டு அக்டோபர் முதல் அலெக் பால்ட்வின் டிரம்ப்பாக நடித்தார். குவிந்த உதடு, மஞ்சள் முடி, இடுங்கிய கண். 2017இல் எம்மி பரிசும் பெற்றார். டிரம்ப் சினந்து எழுதினார். அதனால் இது எள்ளலின் வெற்றி என்று பலர் மகிழ்ந்தனர். நமக்கு அத்தனை மகிழ்ச்சியில்லை. வாரந்தோறும் அந்த வாரச் செய்தியே நாடகமாயிற்று. செய்தியில் அவர் சொன்னதை மேடையில் இவர் சொன்னார். அரங்கம் சிரித்ததைக் காட்டிலும் கைதட்டியது. சிரிப்பு வேறு, கைதட்டல் வேறு. சிரிப்பு எதிர்பாராததற்குக் கிடைப்பது. கைதட்டல் ஏற்கெனவே நம்பியதற்குக் கிடைப்பது.

ஏன் இப்படி ஆயிற்று? வேலை நடக்கும் முறையிலேயே ஒரு காரணம் கிடக்கிறது. திங்களன்று கூடிப் பேசி, செவ்வாய் இரவு விடிய விடிய எழுதி, புதனன்று படித்துப் பார்த்து, சனி மாலை ஒத்திகையில் கழிப்பதைக் கழித்து, இரவு மேடையேற்றுகிறார்கள். இந்த ஓட்டத்தில் கருத்து கனிய நாளாகும். ஒப்பனை முடி உடனே கிடைக்கும். குழுவின் நடிகர்களுக்குப் பதில் வெளியிலிருந்து புகழ்பெற்ற முகங்களை அரசியல் வேடங்களுக்கு அழைக்கும் வழக்கமும் பெருகியது. முகம் தோன்றியதுமே ஆரவாரம். பிறகு உரையாடலில் கூர்மை எதற்கு?

ஆனால் அதே 2016இல், தேர்தலுக்கு 17 நாட்கள் முன்பு, அக்டோபர் 22இல், அதே மேடை வேறொன்றையும் செய்தது. கறுப்பின மக்களின் வாழ்வை வைத்து நடக்கும் ஒரு பொய் வினாவிடைப் போட்டி. கெனன் தாம்சன் நடத்துநர். இரண்டு கறுப்பினப் பெண்கள். அவர்களோடு டிரம்ப்பின் சிவப்புத் தொப்பியணிந்த வெள்ளையர் ஒருவர், டாம் ஹாங்க்ஸ். அவர் உளறுவார், நாம் சிரிப்போம் என்று காத்திருந்தால், விடை மேல் விடை சரியாகச் சொல்கிறார்! தொலைபேசி கைரேகை கேட்டால் கொடுக்காதே என்கிறார். வாக்குப்பெட்டியில் முடிவை முன்பே எழுதிவிட்டார்கள் என்கிறார். அவர்களும் ஆமாம் என்கிறார்கள். ஏழைக்கு ஏழையை அடையாளம் தெரிகிறது. கடைசியில் ‘எந்த உயிர்கள் பொருட்டானவை’ என்னும் தலைப்பு வருகிறது. நட்பு அங்கே நின்றுவிடுகிறது. டிரம்ப் மேடையில் இல்லை. ஒப்பனை முடியும் இல்லை. ஆனால், ஏழைகளை ஒன்றுசேரவிடாமல் பிரித்து வைக்கும் சுவரை இத்தனை தெளிவாகக் காட்டிய சில நிமிடங்கள் அந்த ஆண்டில் வேறில்லை என்பது நம் துணிபு.

ஆகவே, தரம் குறைந்துவிட்டதா என்று கேட்போருக்கு நம் விடை இது: ஆண்டோடு தரம் குறைவதில்லை, இலக்கு மாறும்போது குறைகிறது. ஆளவந்தாரின் குரலையும் முடியையும் குறிவைக்கும் கேலியை ஆளவந்தாரே விரும்புவர், விருந்துக்கும் அழைப்பர். அவர் செயலையும், அச்செயலைத் தாங்கி நிற்கும் நம் மயக்கத்தையும் குறிவைக்கும் கேலிக்கு அழைப்பு வராது.

இன்று நம் மாணவர்கள் கைப்பேசியில் இத்தகைய காட்சிகளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், தடுப்பது நம் வேலையன்று. “அந்தத் தலைவர் எப்படிப் பேசுவார் என்று தெரிந்துகொண்டாய்; என்ன செய்தார் என்று தெரிந்ததா தம்பி?” என்று கேட்பது நம் வேலை. விடை தெரியாமல் அவன் விழித்தால், அன்று அவன் பார்த்தது கோமகனுக்கு உதவிய கோமாளியைத்தான்.